ரெஜினா அக்காவும் ஒரு சம்மதக் கடிதமும்

அந்த வெள்ளிக்கிழமை நான் சொல்லாதது இதுதான்: ரெஜினா அக்கா இறந்துவிட்டார்.

மருத்துவமனையிலிருந்து அக்காவின் தம்பி அழைத்தபோது நான் செம்பாக்கத்தில் தனபால் சாரின் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ராகு காலம் முடியட்டும் என்று பன்னிரண்டு மணிவரை காத்திருந்த அவர், அப்போதுதான் பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தார்.

"யாரும்மா போன்ல?"

"ஆபீஸ்ல இருந்து சார்."

அவர் கையெழுத்திட வேண்டியது ஒரு சம்மதக் கடிதம். ஏரிக்குப் பக்கத்தில் அவருடைய நிலத்தில் ஆறு பெண்கள் வாய்ப்பேச்சுக் குத்தகையில் கீரை பயிரிடுகிறார்கள். தெளிப்புநீர்க் குழாய்க்கு அரசு மானியம் உண்டு. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். விண்ணப்பிக்க அன்றே கடைசி நாள். முந்தைய வாரம், தெருவில் ஒரு சாவு என்று கேட்டதுமே பேனாவை மூடி வைத்தவர் தனபால் சார். துக்கச் செய்தி காதில் விழுந்த நாளில் எந்தத் தாளிலும் கை வைக்க மாட்டார்.

அரசுத் திட்டம் என்றால் ரெஜினா அக்கா எப்படிக் குதூகலிப்பார் என்பது அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும். சிட்லபாக்கத்தில் எங்கள் சிறிய தொண்டு அமைப்பில் எனக்கு எதிர் மேசை அவருடையது. வேளாண் பட்ஜெட் வாசிக்கும் நாளில், கிரிக்கெட் கேட்பதுபோல் செல்பேசியை அலறவிட்டுக் கேட்பார். "நுண்ணீர்ப் பாசனம் வந்துடுச்சு! டீ சொல்லுங்கப்பா!" ஒருமுறை கீழ்த்தளத்து டெய்லர் மாடியேறி ஓடிவந்தார்.

"இன்னா மேடம், லாட்டரியா?"

"அதைவிடப் பெரிசு அண்ணா. ஆனா கோட்டையிலிருந்து கிளம்பின திட்டம் ஃபாரத்துல வந்து நின்னுடும். நாமதான் எறங்கித் தள்ளணும்."

அப்படித் தள்ளிக்கொண்டுதான் முந்தைய வாரம் தேசம்மாவோடு தனபால் சார் வீட்டுக்குப் போனோம். "இன்னிக்கு பைப்பும்பீங்க, நாளைக்கு நிலமே எங்களுதும்பீங்க" என்று அவர் எழுந்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. அக்காவுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. "நியாயமான பயம் சார். அதையே முதல் வரியா எழுதிடலாம்." கீரை பயிரிடும் பெண்களில் மூத்தவரான தேசம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, குழாய்க்கு மட்டுமே இந்தச் சம்மதம், நிலத்தின் மேல் உரிமை கோர மாட்டோம் என்று அங்கேயே எழுதி உரக்கப் படித்தார்.

தேசம்மா சேர்ந்துகொண்டார்: "நீ போ சொன்னா பைப்ப சுருட்டிகினு போய்கினே இருப்போம் சார். ஒரு கீரைத்தண்டுகூட வுட்டுட்டுப் போ மாட்டோம்."

"தண்டையாவது வுட்டுட்டுப் போம்மா" என்று தனபால் சார் சிரித்துவிட்டார். அவர் பேனாவை எடுத்த நேரத்தில்தான் தெருவில் அந்தச் சாவுச் செய்தி வந்தது.

திரும்பும் வழியில் கேட்டேன், அவர்களுடைய உரிமையை நாமே விட்டுக்கொடுத்துவிட்டோமே என்று. அக்கா, "எனக்கும் உறுத்துது. ஆனா இடுப்புல குடத்தோட நிக்கறவங்களுக்கு மொதல்ல தண்ணி" என்றார்.

நெஞ்சுவலியென்று மருத்துவமனையில் சேர்த்த பிறகும் அவருடைய வேகம் குறையவில்லை. வியாழக்கிழமை படுக்கையிலிருந்தே அழைத்தார். "நாளைக்கு நீ போ. எனக்காகத் தள்ளிப்போட்டே, பாத்துக்கோ!"

தனபால் சார் கையெழுத்திட்டார். விண்ணப்பத்தைக் கொடுத்து ரசீது வாங்கிய பிறகு, அன்றும் கூட வந்திருந்த தேசம்மாவிடம் திரும்பும் ஆட்டோவில் அக்கா இறந்ததைச் சொன்னேன். "அடிப்பாவி, எப்டிம்மா அங்க சிரிச்சிகினு குந்திகினு இருந்த?" என்று என் தோளில் அடித்து அழுதார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, எதிரில் இருப்பவரின் பயத்தை முதல் வரியாக எழுதும் பழக்கம். ஓர் அரசாணையைப் படிக்கும்போது நெஞ்சு படபடப்பதும் அவர் கொடுத்ததுதான்.

திங்கட்கிழமை நானே போய்த் தனபால் சாரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் உள்ளே போய்விட்டார். மானியம் கிடைத்தது, ஆறு பேரின் பாத்திகளிலும் தண்ணீர் தெளிக்கிறது. தனபால் சார் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. கடிதத்தைத் திரும்பக் கேட்கவும் இல்லை.