எந்தத் தண்ணி, சாமி?

எங்கள் தெருக் குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும். எந்த நேரத்துக்கு என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. மல்லசமுத்திரத்துப் பக்கம் எங்கள் ஊர். வீடு மேட்டில், பஸ் நிற்கும் இடம் பள்ளத்தில். பள்ளத்துக் குழாயில் வந்து பத்து நிமிடம் கழித்துத்தான் எங்களுக்கு ஏறும். அதனால் பாலிடெக்னிக் முடிந்து பஸ் இறங்கும் என் மகன், அங்கே தண்ணீர் கொட்டுவதைப் பார்த்தால் எனக்குப் போனில் "தண்ணி" என்று ஒரே வார்த்தை தட்டிவிடுவான். தைத்துக்கொண்டிருக்கும் ஜாக்கெட்டை மெஷினிலேயே போட்டுவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

எதிர்வீட்டு அக்கா விடமாட்டார். "அம்மணி, உங்க ஊட்டுக்காரர் கூப்புட்டு நீ இப்படி ஓடி நான் ஒருநாளும் பாத்ததில்லையே!"

மகனுக்கு அப்போது பதினேழு வயது. மாரியம்மன் பண்டிகையன்று மத்தியானம், கூட்டாளிகளோடு குடித்துவிட்டு வாந்தியெடுத்து மயங்கிக் கிடந்தவனை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். அது முதல் தடவை இல்லை என்பது ஆஸ்பத்திரியில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அங்கே ஆலோசனை சொல்லும் பெண்ணுக்குச் சின்ன வயதுதான். அவனை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. போனை வாங்கி ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்தார். சாயங்காலமானால், 'இன்று உங்கள் மனம் எப்படி இருக்கிறது?' என்று அது கேட்கும். ஐந்து மூஞ்சிகள் வரும், ஒன்றைத் தொடவேண்டும். குடிக்கத் தோன்றினால் அமுக்க ஒரு பொத்தான் உண்டு. அமுக்கியதும், அவன் முன்னாலேயே எழுதிவைத்த ஒரு சொல், அவன் தேர்ந்தெடுத்து வைத்த ஆளுக்கு அவன் நம்பரிலிருந்தே போய்விடும். அந்த ஆள் உடனே அவனைக் கூப்பிட்டுப் பேசவேண்டும்.

"என்ன பேசோணுங்க?" என்று கேட்டேன்.

"எது வேணா பேசலாம்மா, குடியைத் தவிர. பேசிட்டே இருந்தா அந்த நெனப்பு கொஞ்ச நேரத்துல தணிஞ்சுரும். யாருக்குச் சொல் போகுதோ அவங்ககிட்ட மட்டும் தம்பி முன்னாடியே சொல்லி வெச்சுரணும்."

வீட்டுக்கு வந்து கேட்டேன். "யாரை வெச்சிருக்கற சாமி?"

"வெச்சிருக்கறேன் ஒருத்தர."

அவன் மாமனாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே கொஞ்சம் புகைச்சல்தான். இன்னொரு தோசை வேண்டும் என்று கேட்கக்கூட வாய் திறக்காதவன், அந்தப் போனுக்குத் தினம் ஒரு மூஞ்சியைக் காட்டுகிறானே! எந்த மூஞ்சியைத் தொடுகிறான் என்று எட்டிப் பார்ப்பேன். அவன் போனைச் சாய்த்துக்கொள்வான்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் "தண்ணி" என்று வந்தது. குடத்தோடு ஓடினேன். குழாயைத் திருகினால் புஸ்ஸென்று காற்று. கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு அவனுக்கு எழுதினேன்: "இங்க இன்னும் வல்ல சாமி. வந்தா ரெண்டு கொடம் புடிச்சு வெக்கறேன்."

"மகன் நல்லா ஏமாத்திப்புட்டான் அம்மணி. காத்தைப் புடிச்சுட்டுப் போய்க் கொழம்பு வெய்யி!" என்றார் எதிர்வீட்டு அக்கா. நானும் சிரித்தேன்.

பொழுது சாயும் நேரத்துக்கு வந்தான். வாயில் ஏலக்காய் வாசம். ஏலக்காய் எதற்கென்று தெரியாத தாய் உண்டா? நான் கத்தியதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. கடைசியில், "ஒருத்தர வெச்சிருக்கறேன்னயே, அவரக் கூப்புடறதுக்கென்ன?" என்றேன்.

"கூப்புட்டேன்."

"என்ன சொன்னாரு?"

போனை நீட்டினான். ரெண்டு கொடம் புடிச்சு வெக்கறேன் என்று நான் எழுதியது அதில் இருந்தது.

முதலில் அவன்தான் சிரித்தான். பிறகு நான். "ஏஞ்சாமி, வேற வார்த்தையே கெடைக்கலியா உனக்கு?"

"அந்த வார்த்தைன்னாத்தான் நீ எந்த வேலையா இருந்தாலும் போட்டுட்டு ஓடியாருவ." தலையைக் குனிந்துகொண்டான். "சொல்லோணும்னுதாம்மா இருந்தேன். வெக்கமாப் போச்சு."

ஓடத்தான் ஓடினேன். குழாய்க்கு ஓடினேன்.

அந்த வார்த்தையை நாங்கள் மாற்றவில்லை. குழாய்க்குத்தான் "கொடம்" என்று மாற்றினோம். "தண்ணி" என்று வந்தால் கத்தரிக்கோலைக் கீழே வைக்கும் முன்பே கூப்பிட்டுவிடுவேன். ஊர் நாயம், அக்கம்பக்கத்துக் கதைதான் பேசுவேன். எதிர்வீட்டு அக்கா குழாயைப் பார்த்து, "இதுக்கு மட்டும் காது இருந்திருந்தா நம்ம பேச்சைக் கேட்டே ஊரை உட்டு ஓடியிருக்கும்" என்று சொன்னதைச் சொல்வேன். அவன் பஸ் நிறுத்தத்தில் நின்றபடி "ம்" என்பான். பிறகு "அப்பறம்?" என்பான். அந்த "அப்பறம்" வந்துவிட்டால் போதும், நடந்து வீட்டுக்கு வந்துவிடுவான். நடுவில் இரண்டு தடவை வழுக்கிக் குடித்துவிட்டான். அந்த இரண்டு நாளும் அவன் பொத்தானைத் தொடவே இல்லை.

தினம் வந்த வார்த்தை வாரத்துக்கு ஒன்றானது, பிறகு மாதத்துக்கு ஒன்று. நல்லது என்றார் அந்த ஆலோசனைப் பெண். நல்லதுதான். ஆனாலும் சாயங்காலமானால் என் காது போன் பக்கமே இருந்தது.

இப்போது இருபது வயது. கிணற்றுக்குப் போர் போடும் வண்டியில் வேலைக்கு வடக்கே போயிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." "போன வெக்கட்டுமா?" அவ்வளவுதான். அந்த வார்த்தை வந்து ஏழெட்டு மாதம் ஆகிவிட்டது. ஆசை எழவில்லையா, எழுந்தும் என்னிடம் சொல்லாமல் இருக்கிறானா? இங்கே உட்கார்ந்துகொண்டு எனக்கு எப்படித் தெரியும்? வரக்கூடாது என்று அம்மனுக்கு விளக்கு வைப்பேன். வைத்துவிட்டு வந்து போனை எடுத்துப் பார்ப்பேன்.

போன வாரம் மத்தியானம் வந்தது. "தண்ணி."

கூப்பிட்டேன். பின்னால் வண்டிச் சத்தம். "எந்தத் தண்ணி, சாமி?"

"போர்த் தண்ணிதாம்மா. இங்க வந்துருச்சு. அதான் அமுத்துனேன்."

அவன் குரலை எனக்குத் தெரியாதா? இருந்தும் கேட்கவில்லை. "அப்படியா சாமி, நல்லதாப் போச்சு" என்றேன். "இங்க எதுத்த ஊட்டு அக்கா நேத்து என்ன பண்ணுனாங்க தெரியுமா? குழாய்ல தண்ணி வந்துருச்சுன்னு அவசரத்துல கொடத்துக்குப் பதிலா மாவுச் சட்டியத் தூக்கிட்டு வந்துட்டாங்க..."

வண்டிச் சத்தம் தள்ளிப் போனது. எங்கேயோ ஒதுங்கி நடக்கிறான் போல.

"அப்பறம்?" என்றான்.