நகலில் பிழை

என் அக்கா ஓர் அலுவலகத்தில் கட்டட வரைபடங்களை நகலெடுக்கும் வேலை பார்த்தாள். அவளுடைய பான்டோகிராஃப் கருவியின் ஒரு முனையிலுள்ள முள்ளை மூலப்படத்தின் கோட்டில் நகர்த்தினால், மறுமுனைப் பென்சில் அதையே இருமடங்காக வரையும். ஒருநாள் பள்ளிக்கூடப் படம் ஒன்று வந்தது.

"சார், மாடிப்படி ரொம்பக் குறுகலா இருக்கே," என்றாள்.

"கோட்டு மேல முள்ளை ஓட்டும்மா. யோசிக்க நான் இருக்கேன்," என்றார் பொறியாளர்.

கட்டி முடித்தபோது அந்தப் படியில் இரண்டு பிள்ளைகள் சேர்ந்து இறங்க முடியவில்லை. படியை இடித்துவிட்டார்கள். 'நகலில் பிழை' என்று பொறியாளர் அறிக்கை எழுதினார். அதற்குத் தண்டனையாக அக்கா பதினொரு வருடம், ஓய்வு பெறும்வரை, பழைய கோப்புகளுக்குத் தூசி தட்டினாள். எல்லாக் கோடும் இருமடங்காகும்போது படி மட்டும் எப்படிச் சுருங்கும்? ஒருவரும் கேட்கவில்லை.

நேற்று அக்கா போய்விட்டாள். இன்று துக்கம் கேட்க அந்தப் பொறியாளர் வந்தார்.

"அந்தக் கை யாருக்கு வரும் தம்பி? ஒரு நூல் பிசகாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப பிசகுனது உங்க படம்தானே சார்? அதை எழுதிக் குடுத்துட்டுப் போங்க," என்று தாளை நீட்டினேன்.

"எழவு வீட்டுல பழசெல்லாம் எதுக்குப்பா? பேனாகூட இல்ல."

அவர் சட்டைப்பையில் இரண்டு பேனாக்கள் இருந்தன. ஒன்றை நானே உருவி அவர் கையில் திணித்தேன். மூடியைக்கூடத் திறக்காமல் வாசலில் செருப்பைத் தேடினார்.