உச்சிவேளையில் கூப்பிட்ட பெயர்

தனக்கொடியைப் போன மாதம் நெற்றி நிறையக் குங்குமத்தோடு பாடையில் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊரில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

வீராம்பட்டினத்திலிருந்து மீன்கூடையோடு நெல்லித்தோப்புக்கு வந்து, என் பழைய பேப்பர் கடை வாசலில்தான் உட்காருவாள். அவள் புருஷன் பாலகுரு கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. இரண்டாம் வருஷம், வைக்கோலில் உருவம் செய்து கொளுத்திக் கருமாதியை முடித்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் நாள் குறித்தார்கள். அன்றோடு அவள் பூவும் பொட்டும் போய்விடும்.

அந்த வாரம்தான் பழைய காகிதக் கட்டு ஒன்றில் அந்தப் புத்தகம் வந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்து அச்சு. ஆவிகளை அழைக்கும் முறைகள், நடுவில் மாமியார் வாயைக் கட்ட ஒரு மந்திரம். எல்லாம் சுத்தப் புளுகு. சிரிக்கட்டுமே என்று அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஓரிடத்தில் அவள் சிரிக்கவில்லை.

"அத்தத் திரும்பப் படிண்ணே."

நீர்க்கரையில், உச்சிவேளையில், கட்டியவளே பெயர் சொல்லி மூன்று முறை அழைத்தால் செத்தவன் வந்தே தீருவான் என்றிருந்தது.

தனக்கொடி புருஷன் பெயரைச் சொன்னதே இல்லை. போலீசில் புகார் எழுதியபோதுகூட மகள் கவிநிலாதான் சொன்னாள். "நான் பேரச் சொன்னா அவருக்கு ஆயுசு கொறஞ்சிடும்ணே" என்பாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தபோது தொண்டை கட்டியிருந்தது.

"கூப்ட்டேண்ணே. வாய்விட்டுக் கூப்ட்டேன். பொழுது சாயற வரைக்கும் கரையிலயே ஒக்காந்திருந்தேன். வரல." முகமெல்லாம் சிரிப்பு. "செத்திருந்தா வந்திருக்கணுமில்ல? எங்கியோ உசுரோடதான் இருக்காரு."

புத்தகமே பொய் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஆமாம்மா என்று தலையாட்டினேன்.

கருமாதியை அவள் செய்யவிடவில்லை. கடைசிவரை அவனுக்கும் சேர்த்தே உலை வைத்தாள். மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி, காலையில் அவளே குடித்துவிட்டு மீன் விற்க வருவாள். நெஞ்சு வலித்துச் செத்த அன்று, பெண்கள் வேண்டாமென்று தடுத்தும் கவிநிலாதான் குங்குமம் வைத்தாள்.

"எங்கம்மா சுமங்கலிதான். யாரும் பேசாதீங்க."

எல்லாம் முடிந்து கரைப்பக்கம் வந்தேன். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பாலகுரு, பாலகுரு, பாலகுரு என்று கடலைப் பார்த்துக் கூப்பிட்டேன். நான் கட்டியவள் இல்லை, தெரியும். அவளை வழியனுப்பவாவது வரட்டுமே என்றுதான்.

வரவில்லை. அவள் சொன்னதே நிஜமாக இருந்துவிட்டுப் போகட்டும்.