அற்புதமலர் அக்கா ஒட்டிய படம்

ஊரில் போராளிகளின் கல்லறைகளை அரசாங்க ஆமி உழுது தரைமட்டமாக்கிவிட்டதாகத் தொண்ணூற்றாறில், இத்தாலியில் நாங்கள் இருந்த பலெர்மோவுக்குச் செய்தி வந்தது. அற்புதமலர் அக்காவின் ஒரே மகன் அலோசியஸின் கல்லறையும் அதில் போய்விட்டது. துக்கம் விசாரிக்க ஒரேத்தோ தெருவில் இருந்த அவவின் வீட்டுக்குப் போனோம். அக்கா அழவில்லை.

"செத்த பிள்ளையை எத்தினைதரம் சாக்காட்டுவாங்கள்?" என்று சீறினா.

மறுநாளே மகனின் படத்தைப் பீங்கானில் பதிக்கக் கடையில் கொடுத்தா. இந்த ஊரில் கல்லறைக் கல்லென்றால் அதில் பீங்கான் படம் இருக்கவேண்டும். கல்லறையே இல்லாதவனுக்குப் படம் எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

நவம்பர் இரண்டாம் திகதி, செத்தவர்களை நினைக்கிற ஆத்துமாக்களின் நாள். அக்கா சமையல் வேலை செய்கிற வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் குடும்பக் கல்லறையை வழமைபோலக் கழுவப் போனோம். சிஞ்ஞோராவும் வந்திருந்தா. அவவின் அண்ணன், இத்தாலிக்காரர் தங்களுக்குள்ளேயே அடிபட்ட போரில் விழுந்தவர். அவருடைய பெயருக்கும் படத்துக்கும் பக்கத்தில் அக்கா தன் மகனின் படத்தை வைத்துப்போட்டு, சிஞ்ஞோராவின் முகத்தைப் பார்த்தா.

"ஒட்டு," என்றா சிஞ்ஞோரா. அக்கா ஒட்டினா.

கல்லறைக் காவலாளி ஓடிவந்தான். "உள்ளுக்கை உடம்பு இல்லாத ஆளுக்குப் படம் வைக்கேலாது!"

"என்ரை அண்ணன்ரை உடம்பும் இஞ்சை இல்லை. கடைசிவரை கிடைக்கேல்லை," என்று சிஞ்ஞோரா கத்தினா. "அவரையும் கழட்டப்போறியோ?"

அவன் திரும்பிப் போனான்.

அக்கா மெழுகுதிரியைக் கொளுத்தினா. மகனின் முகத்தைத் சால்வையால் துடைத்துவிட்டு நிமிர்ந்து நின்றா.

"அங்கை உழுதவங்கள் இஞ்சையும் வந்து உழட்டும், பாப்பம்!"