திரைக்குப் பின்னால் அலறியவள்

பயிற்சிக் கல்லூரியில் அவளுக்குப் பேர் குரலம்மா. சிறப்புக் குழந்தைகளுக்கு ஆசிரியராகப் படிப்பவர்கள் நிஜ வகுப்பில் வேலைக்குச் சேருமுன் திரை வகுப்பில் பாடம் நடத்திப் பழகுவார்கள். திரையில் ஐந்து கணினிக் குழந்தைகள். அடுத்த அறையில் மைக்கோடு உட்கார்ந்து, கேமராவில் பார்த்தபடி, ஐவருக்கும் பேசி, அழுது, அடம்பிடிப்பவள் இவள் ஒருத்திதான்.

ஐவரில் ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். அந்த அலறல் குரலம்மா தன் எட்டு வயது மகளிடம் கற்றது. மகள் அலறும்போது பெற்றவள் தொட்டாலும் தள்ளிவிடுவாள்.

போன மாதம் மகளின் பள்ளிக்குப் பழக வந்த இதே கல்லூரி மாணவி ஒருத்தி, ஒல்லிக்குச்சி, இரண்டே நாளில் அந்தப் பிள்ளையை மடியில் சாய வைத்துவிட்டாள்! ஜன்னல் வழியாகப் பார்த்த குரலம்மாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. பத்து மாதம் சுமந்தவளுக்குக் கிடைக்காதது நேற்று வந்தவளுக்கா?

இன்று திரை வகுப்பில் ஒல்லிக்குச்சிக்குக் கடைசித் தேர்வு. தேறினால் மகளின் பள்ளியிலேயே வேலை. ஐயோ, தினமுமா அந்த மடி?

"வாடி வா, பாத்துக்கறேன்" என்று மைக்கை இழுத்தாள்.

ஆசிரியர் சரியாகச் செய்தால் பிள்ளை அடங்க வேண்டும் என்பது அங்கே விதி. அடங்காவிட்டால் தேர்வு போச்சு. ஒல்லிக்குச்சி விளக்கைக் குறைத்தாள். சரியான செயல்தான்; குரலம்மா அலறினாள். அடுத்து ஒல்லிக்குச்சி மற்றப் பிள்ளைகளை ஓசையில்லாமல் படம் வரைய வைத்தாள். அதற்கும் குரலம்மா அலறினாள்.

"சரிடா கண்ணு, நான் பாக்கல, பேசவும் இல்ல."

ஒல்லிக்குச்சி திரைக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, தன் தொடையில் மெல்லத் தட்டத் தொடங்கினாள்.

குரலம்மாவின் வாய் திறந்தபடி நின்றது. மகள் அலறும்போதெல்லாம் முகத்துக்கு நேரே குனிந்து, "என்னடி ஆச்சு, சொல்லித் தொலையேன்டி" என்று கேட்டுக்கொண்டே இருந்தவள் அவள். ஒரு நாள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை.

காதில் தேர்வாளர் குரல் கேட்டது: "என்னம்மா, மைக் போயிடுச்சா?"

"மைக் நல்லாத்தான் சார் இருக்கு. பிள்ளை அடங்கிடுச்சு." சொல்லும்போதே நெஞ்சு கொதித்தது.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு மிக்சி ஓடியது. மகள் அலறினாள். குரலம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்து தொடையில் தட்டினாள். வெகுநேரம் தட்டினாள். அலறல் மெல்ல ஓய்ந்து, முதுகில் ஒரு சின்னத் தலை வந்து சாய்ந்தது.

"அக்கா?" என்றது பிள்ளை.

குரலம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அக்கா இனிமே தினமும் ஸ்கூலுக்கு வருவாங்கடி" என்றாள், தட்டுவதை நிறுத்தாமல்.