ஏதோமியர் நின்ற சந்தி

ஜெர்மனியின் பீலெஃபெல்டில் எங்கள் செபக்கூட்டத்துச் சோதிலிங்கம் அண்ணையைப் போல ஒரு கரைச்சல் பிடித்த மனிதரை நான் கண்டதில்லை. தனி ஆள். கிழமை நாட்களில் முதியோர் இல்லத்துக் குசினியில் பாத்திரம் கழுவுவார். ஞாயிறு வந்தால் வேதப்படிப்பு அவர் பொறுப்பு. படிப்பதோ எப்போதும் ஏதோமியரைப் பற்றித்தான்.

யாக்கோபின் அண்ணன் ஏசாவின் வழிவந்த சனம் அது. எருசலேம் அழிந்தபோது தப்பி ஓடிய தம்பி சனத்தை வழிச்சந்தியில் மறித்துப் பகைவரிடம் பிடித்துக் கொடுத்தது என்று தீர்க்கதரிசிகள் சபித்திருக்கிறார்கள். “அந்தச் சனம் இப்ப ஆர்? சொல்லுங்கோ!” என்று எங்களைக் குடைந்தெடுப்பார். ஒருவர் ரோமர் என்பார், இன்னொருவர் அரபிகள் என்பார். அண்ணைக்கு எதுவும் திருப்தியில்லை.

“அழிஞ்சுபோன சனத்தை விடுங்கோவன் அண்ணை, இடியப்பம் ஆறுது!” என்று நான் எரிந்து விழுவேன்.

2002இல் சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்தது. ஆமி பிடித்துப்போன என் தம்பி நித்தியானந்தன் ஏதாவது முகாமில் உயிரோடு இருப்பான் என்றே நம்பியிருந்தேன். அவனைத் தேடிப் போக டிக்கெட் எடுத்தேன். அந்த ஞாயிறுதான் முதன்முறையாக அவன் பெயரைச் சொல்லி, செபிக்கும்படி கேட்டேன்.

அண்ணை செபிக்கவில்லை. கண்ணை மூடியபடி சந்தியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

“பாலம் உடைஞ்சு கிடக்கு. பக்கத்தில நீலக் கதவு போட்ட சைக்கிள் கடை. சனம் வரிசையா வருது...”

எருசலேமில் ஏது சைக்கிள் கடை? மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் நித்தியைப் பிடித்த இடம் அதுதான். அம்மா போனில் அழுதழுது சொன்ன இடம். இங்கே ஒருவரிடமும் நான் அதைச் சொன்னதில்லை.

“அண்ணை, அங்க நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

“அது என்ர கடை பிள்ளை. ஆமிக்காரங்கள் என்ர தலையில சாக்கு மூடிவிட்டவங்கள். கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. ஆரையாவது பார்த்துத் தலையாட்டச் சொன்னவங்கள். ஆட்டினா அந்த ஆளைப் பிடிப்பாங்கள். ஆட்டினன்.”

பாவி! அறைவதற்கு எழுந்தேன். கேள்விதான் வந்தது.

“நித்தி இருக்கிறானோ?”

“பின்வளவுக்குள்ள கொண்டுபோய்ச் சுட்டவங்கள். என்ர கடைக்கு வந்துபோற பெடியன், போகேக்க திரும்பிப் பார்த்தவன். ‘சோதியண்ணை, அம்மாட்டச் சொல்லிவிடுங்கோ’ எண்டவன். சாக்குக்குள்ள நான்தான் எண்டு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.”

அந்தச் சேதியை இத்தனை வருடமும் அவர் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்ல இனி நான்தான் போக வேண்டும்.