எந்த வீட்டு நகை எங்கே என்று எனக்குத் தெரியும்

பீரோ பூட்டு ரிப்பேர் செய்கிறவர்களுக்குக் கை சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, வாயும் சுத்தமாக இருக்க வேண்டும். எங்கள் அம்மாவுக்கு இரண்டும் உண்டு. எனக்குக் கை மட்டும்.

காஞ்சிபுரத்தில் எனக்குத் தெரிந்து பூட்டு வேலை செய்யும் பெண் எங்கம்மா மட்டும்தான். படுக்கையறை பீரோ வரைக்கும் தயங்காமல் கூட்டிப்போகலாம் என்பதால் பெண்கள் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். ப்ளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் கிடந்த என்னையும் அம்மா தொழிலுக்கு இழுத்துக்கொண்டார். யார் பேசினாலும் அடுத்த நிமிஷமே அவர் குரலில் பேசிக் காட்டுவது என் வியாதி. அது தெரிந்ததால் முதல் நாளே சொல்லிவிட்டார்: "பாத்த எடத்த அங்கியே மறந்துடு. ஒரு வீட்டு விஷயம் உன் வாயால வெளிய போச்சின்னா, அப்புறம் ஒருத்தரும் நம்மள வாசப்படி ஏத்த மாட்டாங்க."

கம்மலை அரிசி டப்பாவில் ஒளித்துவிட்டு, எந்த டப்பா என்று மறந்து, சோறு வடிக்கும்போதெல்லாம் பானைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் வாசகர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பெயரெல்லாம் மாற்றியாயிற்று. நகையை இடம் மாற்றிவிட்டவர்கள் கதையை மட்டும்தான் சொல்லப்போகிறேன்.

காலி லாக்கர்

ஓர் அக்கா வீட்டில் பீரோவின் உள் லாக்கர் சாவி தொலைந்துவிட்டது. அம்மா அரைமணி நேரம் போராடித் திறந்தார். உள்ளே ஒரு பழைய ரேஷன் கார்டும் இரண்டு அந்துருண்டையும் இருந்தன. அக்கா முகத்தில் அதிர்ச்சியே இல்லை. "நல்ல பூட்டா போடுங்கம்மா, இருக்கறதுலயே ஒசத்தியானது" என்றார்.

அம்மா பொதுவாகக் கேள்வி கேட்க மாட்டார். அன்றைக்குக் கேட்டுவிட்டார், உள்ளே ஒன்றுமில்லையே என்று. அக்கா சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பூட்டாம வுட்டா இதுல ஒண்ணும் இல்லைன்னு திருடனுக்குத் தெரிஞ்சிடாதாம்மா?"

காலுக்குக் கீழே

அடுத்தது ஒரு நெசவாளர் வீடு. குழித்தறி. அண்ணன் குழிக்குள் காலை விட்டு மிதிக்கட்டையை மிதித்து நெய்துகொண்டிருந்தார். அண்ணி அம்மாவிடம், "பூட்டு துரு புடிச்சிக்கிச்சி, தொறந்து குடுங்க" என்றார். பெட்டி எங்கே என்றதும் புருஷனைப் பார்த்து, "கொஞ்சம் எழுந்திரு" என்றார். அவர் எழுந்தார். அண்ணி குழிக்குள் இறங்கி, மிதிக்கட்டைக்கு அடியில் ஒரு பலகையைத் தூக்கி, மண்ணைத் தள்ளி, டிபன் டப்பா அளவில் ஓர் இரும்புப் பெட்டியை எடுத்து வைத்தார்.

"ஊட்ல யார் வந்தாலும் இந்தக் குழியில மட்டும் எறங்க மாட்டாங்க. எறங்குற ஒரே ஆளு இவரு. இவருக்குக் கண்ணு பாவு நூலு மேலதான்" என்று விளக்கமும் கொடுத்தார். அம்மா மண்ணெண்ணெய் விட்டுப் பூட்டைத் திறந்தபோது, உள்ளே அண்ணியின் தாலிச் சங்கிலி. அண்ணன் முதலில் சங்கிலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு தன் பாதத்தைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார். "பதினாறு வருஷமா லட்சுமிய மிதிச்சிக்கினு நெய்ஞ்சிருக்கேன். கூலி எப்பிடிடி ஏறும்?"

பார்க்காமல் திற

சின்ன காஞ்சிபுரத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். தனியாக இருக்கிறார். பழைய இரும்புப் பெட்டியின் சாவி உள்ளேயே ஒடிந்துவிட்டது. "தொறக்கணும், ஆனா உள்ளே பாக்கப்படாது" என்றார். அம்மா சரியென்று கண்ணை மூடிக்கொண்டே வேலை செய்தார். பூட்டு வேலைக்குக் கண்ணைவிட விரல்தான் முக்கியம்.

வாத்தியார் என்னைக் கூடத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, "நீ பேசிண்டே இரு கொழந்தே. சத்தம் நின்னா நீ எட்டிப் பாக்கறேன்னு அர்த்தம்" என்றார். சும்மா எதைப் பேசுவது? "பசங்களா, வீட்டுப் பாடம் பண்ணாதவா எழுந்து நில்லுங்கோ" என்று அவர் குரலிலேயே ஆரம்பித்தேன். பத்து நிமிஷம் வகுப்பு நடந்தது. உள்ளே பெட்டி திறந்த சத்தம் கேட்டது. அதன்பின் வாத்தியாரின் குரல், கொஞ்சம் கலவரமாக: "யார்றது, என் குரலாட்டமே இருக்கே, என் தம்பி வந்துட்டானா? அவனை உள்ளே விடாதே, அவனுக்குத் தெரியாமத்தான் இத்தனையும்!"

ஓடாத கிரைண்டர்

சரோஜா அக்கா எங்கள் தெருவில் இட்லி மாவு விற்கிறார். இரண்டு கிரைண்டர், ஒன்றுதான் ஓடும். ஓடாததன் அடியில் ஒரு தகரத்தட்டு வைத்துச் சின்னப் பூட்டு போடச் சொன்னார். தை மாதம் கல்யாணமாகப் போகும் மகளுக்காக, மாவு விற்றே சேர்த்த நாலு வளையல் அதற்குள் போயிற்று. "ஓடறதுக்கு வேல, ஓடாததுக்கு மரியாத" என்றார் அக்கா.

இந்த வசனத்தை மறக்க நான் உண்மையாகவே முயன்றேன். ஒரு கல்யாணப் பந்தியில் சித்தி மகள்கள் "யார் மாதிரியாவது பேசுடி" என்று பிடுங்கினார்கள். பேர் சொல்லவில்லை, தெரு சொல்லவில்லை, நகை ஒளித்த ஒருவர் சொன்னது என்று வசனத்தை மட்டும் அவர் குரலில் சொன்னேன். பந்தியில் பாதிப்பேர் தினம் அவரிடம் மாவு வாங்குகிறவர்கள் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

மறுநாளிலிருந்து மாவு வாங்க வந்தவர்களெல்லாம் அந்தக் கிரைண்டரையே பார்த்தார்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் போன் அடங்கிப்போனது. எட்டு நாள், ஒரு பூட்டுகூட வரவில்லை. அம்மா என்னைத் திட்டவில்லை. போனைச் சார்ஜில் போடுவார், எடுப்பார், பார்ப்பார், மறுபடியும் போடுவார். ஒன்பதாம் நாள் சரோஜா அக்காவே வாசலில் வந்து நின்றார். "காலையில ஒருத்தன் வந்து, அந்த ரிப்பேர் கிரைண்டர வெலைக்குக் குடுப்பியான்னு கேக்கறான்டி!"

வாய் கெடுத்ததை வாயால்

நான் அழுதேன். இதில் மிமிக்ரி ஏதுமில்லை. அக்கா, "அழுவாத. பந்தியில பேசுனத எங்கிட்ட பேசு" என்றார். பேசினேன். இரண்டு முறை கேட்டார். "நான் இவ்ளோ இழுத்தா பேசறேன்?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா சுவரைப் பார்த்தார்.

"சரி. இதே கொரல்ல, 'நாலு வளையலையும் பேங்க் லாக்கர்ல வெச்சிட்டேம்பா'ன்னு ஊரு பூரா சொல்லிக்கினு வா" என்றார். காலையில் தெருவில் பாவு நூல் நீட்டுகிற இடம், பால் பூத், பூக்கடை என்று எல்லா இடத்திலும் சரோஜா அக்காவாகவே பேசிவிட்டு வந்தேன். எல்லோரும் சிரித்தார்கள், எல்லோரும் நம்பினார்கள். மூன்றாம் நாள் அம்மாவின் போன் அடித்தது. பைக்குள் சாவிக்கொத்தைப் போட்டுக்கொண்டே, வாசலில் மாவுத்தூக்கோடு போன அக்காவை நிறுத்தி, நிஜமாகவே பேங்கில் வைத்துவிட்டீர்களா என்று கேட்டேன். "மொதல்ல ஊரு நம்பட்டும். உனக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

சரோஜா அக்காவின் நாலு வளையலும் இப்போது பேங்க் லாக்கரில்தான் இருக்கின்றன, எந்தக் குரலில் சொல்லச் சொன்னாலும் இதையேதான் சொல்வேன்.